மீந்துபோன சான்றிதழ்

“24 மணி நேரம்னு காலையில நீங்கதானே மேடம் சொன்னீங்க?”

கோபமாகக் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். போலீஸ்காரர்கள் கோபப்படுவது எனக்குப் பழகிப்போன ஒன்று. அவரோ, பாடம் புரியாத பையன் வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டார். என் கையில் அப்போதுதான் பிரித்த சாப்பாட்டுப் பொட்டலம். “சொன்னேன் சார். ஆனா முழு நாள் உட்கார்ந்தவங்களுக்குத்தான் சான்றிதழ். அப்படித்தான் அச்சடிச்சிருக்கு” என்றேன். “சரி மேடம்” என்று பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம் இருக்குமா? அந்த இரண்டு நிமிஷத்தை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு கூடத்தில் நடந்த ஒரு நாள் பயிற்சி. ஸ்டேஷனுக்கு வரும் சிறுவர் விவகாரங்களைக் கவனிக்கிற குழந்தைகள் நலக் காவல் அலுவலர்கள் 41 பேர். நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் சமூகப் பணியாளர். சட்டமும் படிவங்களும் என் பொறுப்பு. அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு உதவி ஆய்வாளர். ஓய்வுக்கு இரண்டு மூன்று வருஷம் பாக்கி இருக்கும். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன். காலை வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கி விழுந்துகொண்டிருந்தார். அதை நான் கவனித்தேன், மனசுக்குள் குறித்தும் வைத்துக்கொண்டேன். மதியம் அவர் வந்து நின்றபோது அந்தக் குறிப்புதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

அவர் சொன்னது இது. முந்தின நாள் ராத்திரி எட்டரைக்கு ஜனங்கள் ஒரு பையனை இரண்டு தட்டுத் தட்டி ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். செல்போன் விவகாரம். அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர். ராத்திரியே வந்து அழுதிருக்கிறார். சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஆஜர்படுத்தாமல் விட்டால் தப்பாகிவிடும் என்று பையனை இவர் அனுப்பவில்லை. லாக்கப்பிலும் வைக்கவில்லை. ரைட்டர் ரூம் பெஞ்சில் படுக்க வைத்திருக்கிறார். பிடித்த 24 மணி நேரத்துக்குள், அதாவது இன்று ராத்திரி எட்டரைக்குள் ஆஜர்படுத்த வேண்டும். குழுமம் இன்றைக்கு உட்காராது, உறுப்பினர் ஒருவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அதற்குத்தான் கிளம்புகிறேன் என்றார். குழுமம் அமராத நாளில் தனி உறுப்பினர் முன் ஆஜர்படுத்தலாம் என்ற, 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 7-ஐயும் காலையில் நான்தான் சொல்லியிருந்தேன். தூங்கி விழுந்த மனுஷன் அதைக் கேட்டிருக்கிறார்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் எந்தப் பயிற்சி வைத்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி நாற்காலி காலி. ஒருவருக்கு பந்தோபஸ்து, ஒருவருக்கு கோர்ட் டூட்டி, இன்னொருவரை ஐயா கூப்பிடுகிறார். ஆரம்பத்தில் எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்படி வாங்கிப் போன ஒருவர், பின்னால் போலீஸ் யூனிஃபார்மோடு ஒரு சிறுவனைக் கையைப் பிடித்துப் பஸ்ஸில் எல்லோரும் பார்க்கக் கூட்டிவந்தார். “உங்ககிட்ட டிரெயினிங் எடுத்தவர்தானே?” என்று ஒரு கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். காகிதத்தில் என் கையெழுத்து இருந்தது, தலைகுனிந்து நின்றேன். முழு நாள் விதியை நான் போட்டது அதற்குப் பிறகுதான். அந்த விதி இன்றைக்கும் சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த எஸ்.எஸ்.ஐ. விஷயத்தில் என்னைக் குடைவது கையெழுத்து இல்லை. அவர் தவறவிட்ட மதிய வகுப்பின் முதல் பாடமே அவருடைய பையனைப் பற்றியதுதான். அந்தச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளில் விதி 8. கொடுங்குற்றம் என்றால்தான் சிறுவனைப் பிடித்து வைக்கும் அதிகாரம். மற்றவற்றில், பிடித்து வைப்பதே அவன் நலனுக்கு நல்லது என்றால் மட்டும். செல்போன் திருட்டுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். கூடக் கிடையாது. ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பான ஜி.டி.யில் எழுதி, படிவம் 1-ல் சமூகப் பின்புல அறிக்கை போட்டு, குழுமத்துக்கு அனுப்பி, பெற்றோருக்குத் தகவல் சொல்லிவிட்டால் போதும். பையன் அன்று ராத்திரியே அம்மாவோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“சார், அவனைப் பிடிச்சு வைக்க வேண்டியதே இல்ல. ஸ்டேஷனுக்கு போன் போட்டு அம்மாகூட அனுப்பச் சொல்லுங்க. படிவத்தை நான் எழுதித் தர்றேன்.” இதை அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த விஷயம், அடுத்த அரை மணியில் நாற்பது பேருக்குச் சொல்லப்போகிற விஷயம். அதை விட்டுவிட்டு சான்றிதழில் என்ன அச்சடித்திருக்கிறது என்று சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் வருகிறது. அவர் சொன்னதை நம்பவில்லை, அதனால் பையனைப் பற்றி யோசிக்கவில்லை. பசி. வெயில். இன்னொரு பதிலும் உண்டு, அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது: அவர் சான்றிதழைக் கேட்கிறார் என்றே நினைத்துக்கொண்டேன். ஓட்டிப் பார்க்கப் பார்க்க, அவர் சான்றிதழ் என்ற வார்த்தையையே எடுத்ததாக ஞாபகம் இல்லை. கிளம்புகிறேன் என்று சொல்ல வந்தார். நான் முறைத்திருப்பேன். அதனால் 24 மணி நேரத்தைச் சொன்னார். சான்றிதழை நடுவில் இழுத்தது நான்.

இதற்கு நேர் எதிராகவும் வாதாடுவேன். மதியம் உட்கார்ந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்குமே? பயிற்சி எதற்கு? போகிறவரை நிறுத்தி நிறுத்திப் பாடம் சொல்ல முடியுமா? இப்படி நினைக்கும்போது கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும். பிறகு, அவர் கிளம்பியது சட்டத்தைக் காப்பாற்றத்தானே என்று தோன்றும். அரைகுறையாகத் தெரிந்த சட்டம், சரி. ஆனால் அந்த அரைகுறையை அவர் நம்பினார்.

சட்டமே இந்த இடத்தில் கொஞ்சம் வழவழா. 2015 சட்டத்தின் பிரிவு 107, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத ஒருவரை இந்தப் பொறுப்பில் நியமிக்கலாம் என்கிறது. அவருக்கு என்ன வேண்டும்? மூன்று: நாட்டம், தகுந்த பயிற்சி, இந்த வேலையைப் பற்றிய தெளிவு. நாட்டம்தான் முதலில் வருகிறது. குழும உறுப்பினர்களுக்கு, முதன்மை நடுவர் உட்பட, நியமனமாகி 60 நாளுக்குள் பயிற்சி என்று நாள் குறித்திருக்கிறது. காவலர்களுக்கு அப்படி நாள் கணக்கு இல்லை. சிறப்புப் பயிற்சி தர வேண்டும், குறிப்பாகப் பொறுப்பேற்கும்போது என்று மட்டும் இருக்கிறது. இதே வேலூரில் தொரப்பாடியில் 1979-லிருந்து ஒரு நிறுவனம் தென் மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி தருகிறது. சிறைக்குப் போனவனைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதங்கள். போகாமல் தடுக்க வேண்டியவருக்கு எங்கள் கூடத்தில் காலை பத்திலிருந்து மாலை ஐந்து. அதிலும் ஒரு மணி நேரம் சாப்பாடு.

நாட்டத்துக்கு நான் எப்படிச் சான்று தருவது? என்னால் எண்ண முடிந்தது நாற்காலிகளைத்தான்.

பட்டியல் போனது. 40 பேர் பயிற்சி பெற்றவர்கள், ஒருவர் பெறாதவர். கொஞ்ச நாளில் அந்த ஸ்டேஷனில் பொறுப்பு ஒரு இளம் எஸ்.ஐ.க்கு மாறியது. அவரும் பயிற்சிக்கு வந்தவர்தான், வேறொரு ஸ்டேஷனிலிருந்து. பயிற்சி முடிவில் வைத்த பின்தேர்வில் எல்லாக் கேள்விக்கும் சரியான விடை. எனக்கு மகிழ்ச்சி. என் விதி வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

அவரிடமிருந்து வேறொரு பையனைப் பற்றிய பின்புல அறிக்கை என் மேஜைக்கு வந்தது. (பையனை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுதப்போவதில்லை, பிரிவு 74 எனக்கும் பொருந்தும்.) கைவிலங்கு இல்லை, லாக்கப் இல்லை, மஃப்டியில் போயிருக்கிறார், அம்மாவுக்கு உடனே தகவல். குறை சொல்ல இடமே இல்லை. ‘குற்றத்துக்கான காரணம்’ என்ற இடத்தில், ‘தந்தையின் குடிப்பழக்கம் மற்றும் தீய நண்பர்களின் சேர்க்கை’ என்று இருந்தது. எங்கேயோ படித்த வரி மாதிரி இருக்கிறதே என்று பார்த்தேன். பயிற்சியில் நான் கொடுத்த மாதிரிப் படிவத்தின் வரி. நானே கற்பனை செய்து எழுதியது.

பையனைப் பார்த்தபோது கேட்டேன். “எங்கப்பா குடிக்காதுக்கா. அது துபாய்ல கீது” என்றான்.

எஸ்.ஐ.க்கு போன் செய்தேன். “நீங்க கொடுத்த மாடல்தானே மேடம்?” என்றார், உண்மையாகவே குழம்பிப்போய். திருத்திக் கொடுத்தார். நல்ல பையன், வேலையில் சுத்தம். அவரை மட்டம்தட்டி அந்தப் பெரியவரைத் தூக்கிப் பிடிக்க இதை எழுதவில்லை. பெரியவர் ஒரு சிறுவனை ஒரு ராத்திரி முழுக்கத் தேவையில்லாமல் ஸ்டேஷனில் வைத்திருந்தார். இவர் அப்படிச் செய்ததே இல்லை. கணக்குப் பார்த்தால் இவர்தான் தேறுவார். ஆனாலும், இரண்டு பேரும் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான் என்பது மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பெரியவரைப் பிறகு ஒரு தடவை காட்பாடி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன். அவரே வந்து பேசினார். சான்றிதழ் பேச்சை நான் எடுத்தபோது சிரித்தார். “விடுங்க மேடம், எனக்கு ஒரு வேலை கொறஞ்சுது.” அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்டேன். “அவன் நல்லாத்தான் கீறான். அன்னிக்கு நைட்டு பூரா தூங்கல மேடம், பேசிக்கினே இருந்தான். என்னையும் தூங்க விடல. கிரிக்கெட்டு, கிரிக்கெட்டு.”

காலை வகுப்பில் அவர் தூங்கி விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது.

அன்றைக்கு எட்டரைக்குள் ஆஜர்படுத்தினாரா என்று அவரிடம் கேட்கவில்லை. பதிவேட்டைப் பார்க்க எனக்கு வழி உண்டு. இதுவரை பார்க்கவில்லை. நேரத்தோடு ஆஜர்படுத்தியிருந்தால் நான் செய்தது தப்பு என்றாகிவிடும். தவறியிருந்தால் என் விதி ஜெயித்துவிடும். இரண்டில் எதைப் பார்க்கப் பயப்படுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

பயிற்சி அன்று எல்லோருடைய பெயரையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம். அவருடைய சான்றிதழ் மட்டும் என் ஃபைலில் மீந்துபோனது. போன வாரம் அடுத்த பயிற்சிக்கான பட்டியல் வந்தது. அந்த எஸ்.ஐ.க்கு மாறுதல். ஸ்டேஷனுக்கு நேரே பெயர் இல்லை, ஒரு கோடு மட்டும். பழைய சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் ஓய்வு பெற இன்னும் எத்தனை மாதம் என்று தெரியவில்லை. ஒருங்கிணைப்பாளர் எட்டிப் பார்த்து, சான்றிதழ் அச்சுக்குப் போகிறது, ‘முழு நாள்’ என்பது அப்படியே இருக்கட்டுமா என்று கேட்டார்.

இருக்கட்டும் என்றேன்.