எல்பே ஆற்றங்கரையில் ஒரு கைசர் இரவு

ஜெர்மனியின் டிரெஸ்டனில், எல்பே ஆற்றின் வடகரையில் பரந்த புல்வெளி ஒன்று உண்டு. கோனிக்ஸ்உஃபர் என்பார்கள். கோடையில் அங்கே தண்ணீரை ஒட்டியே மேடை போட்டுவிடுகிறார்கள். மேடைக்குப் பின்னால் ஆறு. அதைத் தாண்டினால் பழைய நகரம் முழுக்கக் கண்முன்னே நிற்கும்: இடப்பக்கம் ஃபிரவுன்கிர்ஹே தேவாலயத்தின் குவிமாடம், வலப்பக்கம் அரண்மனைக் கோபுரமும் செம்பர் ஓப்பரா அரங்கும்.

நான் போனது ஜெர்மன் பாடகர் ரோலண்ட் கைசரின் கச்சேரிக்கு. 'கைசர்மேனியா' என்ற பெயரில் 2003 முதல் நடக்கிறது. ஒவ்வோர் இரவும் சுமார் 12,000 பேர் கூடுகிறார்கள். கைசர் பாடுவது ஷ்லாகர் வகை: சட்டென்று பிடிபடும் மெட்டு, காதல், பிரிவு, ஏக்கம். இதை மலிவான இசை என்று ஒதுக்குகிற ஜெர்மானியர்கள் உண்டு. அவர்களை ஒரே ஒரு முறை இந்தக் கூட்டத்தின் நடுவே நிற்க வைக்க வேண்டும். பாட்டியும் பேத்தியும் ஒரே வரியை ஒரே குரலில் கத்திப் பாடும்போது அதை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜூலைக் கடைசியில் இங்கே ஒன்பது மணிக்குத்தான் பொழுது சாய்கிறது. முதல் பாட்டு தொடங்கியபோது வெயில் எங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்து, எதிர்க்கரைக் கோபுரங்களை மஞ்சளாக்கியிருந்தது. நடுவில் பழைய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் ஒன்று மேடைக்குப் பின்னால் மெதுவாகப் போனது. மேல்தளத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையசைக்க, இந்தப் பக்கம் புல்வெளியே திரும்பிக் கையசைத்தது.

கைசருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கடுமையான நுரையீரல் நோயால் அவதிப்பட்டு, 2010-ல் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அது தெரிந்திருந்ததால் என் கவனமெல்லாம் அவர் மூச்சிலேயே இருந்தது. நீளமான வரிக்கு முன்னால் மைக்கைச் சற்று விலக்கி, தோள் உயராமல் காற்றை உள்ளே இழுக்கிறார். அப்புறம் வரியை விடாமல் கடைசிவரை கொண்டுபோகிறார். பாடும் ஒவ்வொரு வரியும் அவர் திரும்பப் பெற்றது என்று தோன்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற அம்மா இந்த ஊர்க்காரர். இடைவேளையில் குவிமாடத்தைக் காட்டி, "நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே வெறும் கற்குவியல்தான் இருந்தது" என்றார். 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் தீப்பிடித்து இடிந்த தேவாலயம் அது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இடிபாடாகவே கிடந்தது. 1994-ல் கட்டத் தொடங்கி 2005-ல் மறுபடி திறந்தார்கள். மறுநாள் காலை கிட்டே போய்ப் பார்த்தேன். வெளிர் நிறப் புதுக் கற்களுக்கு நடுவே கரிய பழைய கற்கள் அங்கங்கே பதிந்திருக்கின்றன. இந்த மணற்கல் நாள்பட நாள்படக் கறுக்கும் என்பதால், இந்த வித்தியாசமும் ஒருநாள் மறைந்துவிடும். அதற்குள் பார்த்துவிடுங்கள்.

இப்படியொரு நகரத்தின் நட்டநடுவில் இவ்வளவு பெரிய புல்வெளி கட்டடமில்லாமல் எப்படி மிஞ்சியது? ஆற்றுக்காகத்தான். வெள்ளம் வந்தால் எல்பே விரிய இடம் வேண்டும். 2002 ஆகஸ்டில் நீர்மட்டம் 9.40 மீட்டரைத் தொட்டது. கைசர்மேனியா தொடங்கியது அதற்கு அடுத்த கோடையில்.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. வறுத்த சாஸேஜ், பீர். கோப்பைக்கு டெபாசிட் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு கைக்கு வரும். முடிந்ததும் டிராமுக்கு முண்டியடிக்காமல் அகஸ்டஸ் பாலத்தில் நடந்துவிடுவது நல்லது. எதிர்க்கரைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

டிக்கெட் விற்பனை தொடங்கியதுமே தீர்ந்துவிடும். கிடைக்கவில்லையா, சரி, அந்தப் பாலத்துக்கோ எதிர்க்கரையில் உயரமாக ஓடும் புரூல் டெரஸ் நடைபாதைக்கோ போங்கள். காசில்லாமல் கேட்க நிறையப் பேர் அங்கே கூடுகிறார்கள். மேடையின் முதுகுதான் தெரியும், ஆனால் பாட்டு தண்ணீர் தாண்டி வந்துவிடும். கைப்பிடிச் சுவரோரம் இடம் வேண்டுமானால் ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள்.