ஆவணப்படம் பார்த்துச் சீனம் படிப்பது: எதில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது

ஒரு சொல்கூடத் தெரியாமல் சீன ஆவணப்படம் பார்த்தால் மலையும் ஆறும் நூடுல்ஸும் மனதில் நிற்கும், மொழி நிற்காது. படத்தைக் கொண்டே எல்லாவற்றையும் ஊகித்துவிடலாம் என்று ஆனபின் காது சோம்பிவிடுகிறது. எச்எஸ்கே என்னும் சீனமொழித் திறன் தேர்வின் பழைய ஆறுநிலைத் திட்டத்தில் மூன்றாம் நிலைக்கு 600 சொல், நான்காம் நிலைக்கு 1200 சொல். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போது ஆவணப்படத்தில் கை வைக்கலாம். அதற்கு முன் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பெரும்பாலோர் போய் விழுவது ‘எ பைட் ஆஃப் சைனா’வில். 2012 மே மாதம் சிசிடிவியில் வந்த உணவுத் தொடர், முதல் பருவம் ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் சுமார் 50 நிமிடம். (சிசிடிவி என்றால் நம் ஊரில் தெருமுனைக் கேமரா, அங்கே சீன மத்தியத் தொலைக்காட்சி.) அருமையான தொடர்தான், ஆனால் முதல் படமாக எடுத்தால் பாதி வழியில் கைவிட நேரும். 50 நிமிடப் படத்தை வரிவரியாக முடிக்க வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் ஆர்வம் வடிந்துவிடும்.

தொடங்க வேண்டியது ‘எவ்ரி டிரெஷர் டெல்ஸ் எ ஸ்டோரி’. 2018 ஜனவரியில் தொடங்கியது. ஒரு பகுதிக்கு ஐந்து நிமிடம், ஒரு பகுதிக்கு ஒரு தொல்பொருள், முதல் பருவத்தில் 25 பகுதிகள். முதல் பகுதி மேலே மனிதத் தலை வடித்த ஒரு மண்பானையைப் பற்றியது. பேசுபொருள் ஒன்றே ஒன்று என்பதால் அதே பத்துப் பதினைந்து சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: பாத்திரம், வெண்கலம், கல்லறை, அகழ்வது, செதுக்குவது, வம்சம். அடுத்த பகுதியிலும் இவற்றில் பாதி வரும். சொல்லை அட்டையில் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டிய வேலை இங்கே தானாகக் குறைகிறது.

எந்தத் தொடரானாலும் மூலச் சீனக் குரல் உள்ள பதிப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். யூடியூபில் ஆங்கிலக் குரல் பூசிய பதிப்புகளும் கிடைக்கின்றன. அவை மொழிக்கு உதவாது. சீன வரிகளின் மேலேயே ஆங்கில வரிகளை ஒட்டியிருக்கும் பதிப்புகளும் அப்படித்தான்.

சீனத் தொலைக்காட்சியின் பெரிய கொடை அதன் திரைவரிகள். நாடகமோ ஆவணப்படமோ, ஏறக்குறைய எல்லாவற்றிலும் எளிமையாக்கப்பட்ட சீன எழுத்தில் வரிகள் படத்தோடு பதிந்தே வரும். வட்டார வழக்குகள் ஒன்றுக்கொன்று புரியாத நாட்டில் எல்லோரையும் எழுத்துதான் இணைக்கிறது. ஆனால் இந்த வரிகளில் சில பொறிகள் உண்டு. ஒன்று, பெரும்பாலும் காற்புள்ளி, முற்றுப்புள்ளி இருக்காது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இருக்காது. ஒரு வாக்கியம் இரண்டு மூன்று திரைகளில் உடைந்து வரும். திரையில் தெரிவதை முழு வாக்கியம் என்று எடுத்துக்கொண்டால் வினை ஒரு திரையிலும் செயப்படுபொருள் அடுத்த திரையிலும் சிக்கிப் பொருள் குழம்பும். அதனால் மூன்று நான்கு திரைகளைச் சேர்த்து ஒரே வரியாக எழுதிக்கொண்டு, குரல் எங்கே இறங்குகிறதோ அங்கே நீங்களே புள்ளி வையுங்கள்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ‘வசந்தம் வருமுன் மண்ணுக்கடியில் ஒளிந்திருக்கும் மூங்கில் குருத்தைத் தேடி எடுக்கிற கிழவர்’ என்று நாம் அடைமொழியை நீட்டிக் கடைசியில் ஆளைச் சொல்கிறோம். சீனமும் அதையேதான் செய்கிறது: அடை முழுவதும் முன்னால், நடுவில் ‘த’ என்ற சின்ன ஒட்டு, கடைசியில் பெயர். ஆவணப்பட வர்ணனை முழுக்க இந்த நீண்ட அடைகள்தான். மனதுக்குள் ஆங்கிலத்துக்கு மாற்றிப் படிப்பவர் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கும். தமிழில் நினைத்தால் புரட்டவே வேண்டாம். ஆனால் முதன்மை வினை மட்டும் செயப்படுபொருளுக்கு முன்னால் வரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி ஐந்து நிமிடப் படத்தைக் கையாளும் முறை. முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்த வம்சம் என்ற மூன்றை மட்டும் குறியுங்கள். இரண்டாம் தடவை திரையின் அடிப்பகுதியை ஓர் அட்டையால் மறைத்துவிட்டு ஒரு நிமிடத்தை மட்டும் கேளுங்கள். கேட்டதைப் பின்யினில் (சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) தொனிக் குறியோடு, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியோடு, எழுதுங்கள். வேகத்தை 0.75 வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் குரல் இழுபட்டு, லேசான தொனிகூட முழுத் தொனி போலக் கேட்கும். பிறகு அட்டையை எடுத்து ஒப்பிடுங்கள்.

இந்த ஒப்பீட்டில்தான் படிப்பு நடக்கிறது, அதனால் அவசரப்படக் கூடாது. தவறுகளை மூன்று வகையாகப் பிரியுங்கள். சொல்லே தெரியாதது முதல் வகை, அகராதி போதும். சொல் தெரியும், ஆனால் காதில் விழவில்லை என்பது இரண்டாவது. ஆவணப்படத்தால் அதிகம் சரியாவது இதுதான். அந்த வரியைத் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. மூன்றாவது, தொனியைத் தவறாக எழுதியது. இதில் பாதி நம் தவறே இல்லை. மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக மாறும். ‘இல்லை’ என்னும் ‘பூ’ நான்காம் தொனிக்கு முன் இரண்டாம் தொனியாகும். அகராதி மூலத் தொனியையே காட்டும். காது சரியாகக் கேட்டிருக்க, அகராதியை நம்பித் திருத்திவிடுவார்கள்.

சீன உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கவே கூடாது. வயிறு நிறைந்திருப்பதைச் சொல்லும் சொல்லும், ஓடுவதைச் சொல்லும் சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பாவ்’. தொனியும் ஒன்றே, மூன்றாம் தொனி. ஓடுவதில் மூச்சு வெடித்து வெளியே வரும், நிறைவதில் வராது, வேற்றுமை அவ்வளவுதான். இப்படி ஆறு ஜோடிகள் உண்டு. உதட்டுக்கு முன் மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஒன்றில் தாள் ஆடும், மற்றதில் ஆடாது. மூச்சில்லாத ஒலி நம் ‘படம்’ என்பதன் முதல் எழுத்தேதான். பின்யினில் அதற்கு ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தைப் போட்டிருப்பதால் ‘பஸ்’ என்பதில் வருவது போல் அதிர வைத்துச் சொல்லிக் கெடுத்துக்கொள்கிறோம். இன்னொன்று: மனிதரைக் குறிக்கும் ‘ரென்’ சொல்லின் முதல் ஒலிக்கு நம் ரகரத்தைவிட ழகரம் நெருக்கம். நாக்கை ழவுக்கு வளைத்துக் கொஞ்சம் உரசல் சேர்த்தால் வந்துவிடும்.

எழுத்தைத் திரையிலிருந்து எடுக்க ப்ளெகோ அகராதிச் செயலியின் கேமரா வசதி உதவும். அது கட்டணப் பகுதி. வெளிர் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் தடுமாறும். ‘ஏற்கெனவே’ என்று பொருள்படும் எழுத்தையும் ‘தன்’ என்று பொருள்படும் எழுத்தையும் மாற்றிப் படிக்கும். இரண்டுக்கும் ஒரு கோட்டின் நீளம்தான் வேற்றுமை. பின்னணி இருண்ட நொடியாகத் தேர்ந்தெடுத்து, அங்கே நிறுத்திப் படம் பிடியுங்கள். ஆங்கி என்னும் மனப்பாடச் செயலியில் அட்டை போடுவதானால் தனிச் சொல்லாகப் போடாமல் முழு வரியும் அதன் ஒலித் துண்டுமாகப் போடுங்கள். ஒரு படத்துக்குப் பத்து அட்டை தாராளம்.

அடுத்து, பின்தொடர்ந்து பேசுதல். வர்ணனையாளர் பேசப் பேச அரை நொடி பின்னால் நீங்களும் பேசி, கைப்பேசியில் பதிந்து கேட்பது. மூன்று நான்கு வாக்கியம் போதும். வர்ணனையாளரை மட்டும் பின்பற்றுங்கள், படத்தில் வரும் மக்களைப் பின்பற்ற வேண்டாம். உணவுத் தொடரில் யுன்னான் மலைக்காரரும் வடக்கு ஷான்சிக் கிழவரும் தத்தம் வழக்கில் பேசுவார்கள். கீழே வரி மட்டும் பொதுமொழியில் ஓடும். காது ஒன்று கேட்கும், கண் வேறொன்று படிக்கும். தன் காது கெட்டுவிட்டது என்று பலர் மனம் உடைவது இந்த இடத்தில்தான். அது வேறு வழக்கு, அவ்வளவே.

வர்ணனையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அது எழுத்து நடை. பேச்சில் ‘பா’ என்று வரும் இடத்தில் ‘ஜியாங்’, ‘ஜியு’ என்று வரும் இடத்தில் ‘பியன்’, வரிக்கு வரி நான்கெழுத்து மரபுத்தொடர். இதையே கடைவீதியில் பேசினால், வானொலிச் செய்தித் தமிழில் கத்திரிக்காய் விலை கேட்டது போலிருக்கும். எனவே குறிப்பேட்டில் இரண்டு பத்தி வையுங்கள், ஒன்று வர்ணனைச் சொல், ஒன்று அதன் பேச்சுச் சொல்.

பேச்சு மொழிக்கு ‘மாஸ்டர்ஸ் இன் தி ஃபர்பிடன் சிட்டி’ போல வேறொன்று இல்லை என்பது என் கருத்து. 2016இல் வந்த மூன்று பகுதிகள். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தின் 90ஆம் ஆண்டையொட்டிக் கடிகாரம், வெண்கலம், மரம், ஓவியம் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பவர்களின் அன்றாட வேலை. இதில் எழுதி வைத்துப் பேசாத பேச்சு நிறைய: ‘நெய்க’, ‘ஜியுஷ’ என்று இழுத்து யோசிப்பது, சொல்லின் வாலில் பெய்ஜிங்காரர்கள் நாக்கைச் சுருட்டுவது, முற்றத்தில் ஆப்ரிகாட் பழம் உலுக்கும்போது போடும் கூச்சல். பண்பாட்டுப் பாடமும் இதில்தான் கெட்டியாக இருக்கிறது. மூத்த கைவினைஞரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. குடும்பப் பெயரோடு ‘ஷிஃபு’ (ஆசான்) சேர்ப்பார்கள். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டு ஒரு தடவை பார்த்தாலே பாடநூல் தராத பலது பிடிபடும்.

உணவுத் தொடரை இதற்குப் பிறகு எடுங்கள். அதன் பலம் வினைச்சொற்கள். கை செய்வதும் குரல் சொல்வதும் ஒரே நொடியில் வருவதால், ‘சாவ்’ வதக்குவது, ‘ஜங்’ ஆவியில் வேகவைப்பது, ‘ஜியன்’ கொஞ்ச எண்ணெயில் சுடுவது, ‘ஜா’ பொரிப்பது, ‘துன்’ சிறு தீயில் நேரமெடுத்து வேகவைப்பது என்று அகராதி இல்லாமலே பிடித்துவிடலாம். ஒவ்வொரு பகுதியின் கடைசி நிமிடங்களும் ஊர், காலம், நினைவு என்று நெகிழ்ந்துகொண்டிருக்கும். மொழிக்காகப் பார்ப்பவர் அங்கே நிறுத்திவிடலாம்.

எண்கள் ஆங்கிலம் வழி போகிறவரைப் படுத்தி எடுக்கும். சீனத்தில் பத்தாயிரத்துக்கு ‘வான்’, பத்துக் கோடிக்கு ‘யி’. நம் கணக்குக்குச் சுருக்கு வழி: வானைப் பத்தால் வகுத்தால் லட்சம், யியைப் பத்தால் பெருக்கினால் கோடி. ‘சான் பாய் வான்’ என்று கேட்டால் 300 வான், அதாவது 30 லட்சம். எடையில் ஒரு ‘ஜின்’ அரைக் கிலோ. நிலத்தில் ஆறு ‘மு’ சேர்ந்தால் ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஒரு ‘லி’ அரைக் கிலோமீட்டர்.

காலக் குறிப்புகளும் அப்படியே. விவசாயம், உணவு பற்றிய படங்களில் 24 பருவப் பெயர்கள் விளக்கமில்லாமல் வந்து போகும். நம் சித்திரை, வைகாசி போல இவை சூரியனை வைத்தவை, அதனால் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே தேதியில் வரும்: லிசுன் பிப்ரவரி 4 ஒட்டி, சிங்மிங் ஏப்ரல் 5 ஒட்டி, டோங்ஜ் டிசம்பர் 22 ஒட்டி. சிங்மிங்குக்கு முன் பறித்த தேயிலை என்று குரல் சொன்னால் இளங்கொழுந்து, விலை அதிகம் என்று அதில் அடங்கியிருக்கிறது. புத்தாண்டோ நிலவுக் கணக்கு, தேதி நகரும்.

இவையெல்லாம் அரசுத் தொலைக்காட்சியின் படங்கள் என்பதையும் மறக்க வேண்டாம். எதைக் காட்டவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 1988இல் இதே தொலைக்காட்சி ‘ஹ ஷாங்’ என்ற ஆறு பகுதித் தொடரில் சீனப் பாரம்பரியத்தையே கடுமையாக விமர்சித்தது. அடுத்த ஆண்டு அது தடை செய்யப்பட்டது. அதை முன்பின் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்றைய படங்களின் மென்மை எங்கிருந்து வருகிறது என்று விளங்கும்.

கடைசியாக, பெயர்கள். சீன எழுத்தில் பெயரைத் தனித்துக் காட்ட ஆங்கிலம் போலப் பெரிய எழுத்து இல்லை. வெளிநாட்டுப் பெயரை எழுத்தெழுத்தாகப் பொருள் பிரித்துப் பலர் அரை மணி நேரம் வீணாக்குவார்கள். வரலாற்றுப் படங்களில் தமிழர் தேர்ந்தெடுக்க ஏற்றது சுவான்ஜோ துறைமுகம். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த இடம். அதன் கையுவான் கோயில் தூண்களில் இந்துச் சிற்பங்கள் உண்டு. விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் காதுக்கு வேலை பாதியாகக் குறையும். பார்க்க உட்காருமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சோங் வம்சக் காலக் குறிப்புகளில் ‘ஜூனியன்’ என்றால் சோழ நாடு, அதன் தூதர்கள் 1015இல் சோங் அரசவைக்குப் போனவர்கள், ‘குலி’ என்றால் கோழிக்கோடு, ‘தாய்மிஅர்’ என்றால் தமிழ். மிங் காலக் கடற்படைத் தளபதி ஜங் ஹ பற்றிய படமானால் இலங்கையின் காலி நகரில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டும் வரலாம். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்தது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.