அறுவடைக்கு முந்திய மூளை

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்தால் போதும், கிளிநொச்சித் தேநீர்க் கடை வரைக்கும் ஒரே பேச்சு: "அவனுக்கு நல்ல மூளை, மற்றவனுக்குக் களிமண்."

2013இல் ஒரு ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களுக்கு நுண்ணறிவுச் சோதனை. கையில் காசில்லாத காலத்தில் குறைந்த புள்ளி, காசு வந்தபின் கூடின புள்ளி. இரண்டாம் முறை பழகிவிட்டார்கள், அதனால்தான் கூடியது என்று மறுத்தவர்களும் உண்டு.

எனக்கென்றால், பெரும்போகம் செய்கிற எவருக்கும் இது புதினமில்லை. சூடடிக்கும் மட்டும் தாலிக்கொடி வங்கியில், உரக்கடையில் கடன் கொப்பி, இரவில் வயலுக்குள் யானை. அந்த நேரம் பிள்ளை பின்னக் கணக்கோடு வந்தால் தகப்பன் எரிந்துதான் விழுவார். நெல்லுக் காசு வந்த பிறகு பாருங்கள், அதே மனிதர் பக்கத்தில் இருத்தி மாங்காயை வெட்டிக் காட்டி விளங்கப்படுத்துவார்.

பிரெஞ்சு உளவியலாளர் பினே 1905இல் பாரிசில் நுண்ணறிவுச் சோதனையைத் தொடங்கியதே உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான், கழித்துவிட அல்ல.

சரி, வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைகளுக்கு நம்ம பக்கம் யாராவது பின்னேர வகுப்பு எடுக்கிறீர்களா? தெரிந்தால் சொல்லுங்கள்.