பஸ் தரிப்பிடத்தின் பின்சுவர்

மட்டக்களப்பு–கல்முனை வீதியில் மூன்று பக்கமும் சுவர் வைத்த பஸ் தரிப்பிடங்கள் மழைக்கு நல்லவைதான். ஆனால் ரியூஷன் முடிந்து பொழுதுபட்ட பிறகு வரும் பெண்பிள்ளைக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. உள்ளே போய்விட்டால் அவளையும் வீதியில் எவருக்கும் தெரியாது.

தரிப்பிடம் கட்டும்போது பின்சுவர் இரண்டரை அடியோடு நிற்கட்டும். அதற்கு மேல் கம்பி போதும். சாதாரண இரும்பைக் கடற்காற்று தின்றுவிடும், துத்தநாகம் பூசிய ஜீ.ஐ. பைப் போடுங்கள். சாரலுக்குக் கூரையை முன்னும் பின்னும் மூன்றடி நீட்டலாம். கம்பியில் விளம்பரப் பதாகை கட்ட மட்டும் விடாதீர்கள், கட்டினால் மறுபடியும் சுவர்தான்.

வெளிச்சத்தில்தான் பலரும் பிழைவிடுகிறார்கள். பெரிய லைற் ஒன்றைப் போட்டால் கண் கூசும், அதைத் தாண்டிய இடம் இன்னும் இருட்டாகத் தெரியும். கூரைக்குள் ஒன்று, வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் ஒன்று என்று சிறிதாகப் பிரித்துப் போடுவது மேல். நான்கு மீற்றர் தூரத்தில் வருபவரின் முகம் அடையாளம் தெரிய வேண்டும், அதுதான் அளவு. மரத்தின் அடிக்கிளைகளை ஏழடி வரை கழிக்க வேண்டும். பற்றைகள் முழங்கால் உயரத்தைத் தாண்டக் கூடாது. மாரியில் எல்லாம் மளமளவென்று வளர்வதால் ஒருமுறை வெட்டினால் காணாது.

பக்கத்தில் மலசலகூடம் இருந்தால் பெண்கள் வாசல் வீதியைப் பார்த்திருக்கட்டும். உள்கொண்டி, பை கொழுவ ஆணி, மூடியுள்ள குப்பை வாளி மூன்றும் கட்டாயம்.

வரைபடத்தை முடிக்குமுன், சந்தையில் மீன் விற்கும் அக்காமாரையும் கடை வேலை முடிந்து வரும் பிள்ளைகளையும் இரவு ஏழு மணிக்கு அந்த இடத்துக்கே கூட்டிப்போய்க் கேளுங்கள். பகல் பத்து மணிக்குப் பிரதேச சபை மண்டபத்தில் கேட்டால் இருட்டு மூலை எதுவும் பேச்சில் வராது.