ஐபாடில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்டி கார்டு போடுவது எப்படி

பழைய ஐபாட் வாங்கப் போகிறவர்கள் முதுகுத் தகட்டில் இருக்கும் கீறலைப் பார்த்து விலை பேசுகிறார்கள். கீறலால் பாட்டு நிற்காது. உள்ளே சுற்றுகிற 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க்தான் முதலில் போகும். அதை மாற்றிவிட்டால் மற்ற பாகங்கள் இன்னும் பல வருஷம் ஓடும்.

இதற்கு ஏற்ற மாடல் ஐந்தாம் தலைமுறை ஐபாட். 2005 அக்டோபரில் வந்தது. 2006 செப்டம்பரில் சின்ன மாற்றங்களோடு மறுபடி வந்ததை '5.5' என்பார்கள். இரண்டுக்கும் பின்பக்கம் ஏ1136 என்ற ஒரே எண்தான் இருக்கும். மியூசிக் மெனுவில் 'சர்ச்' இருந்தால் அது 5.5. 2007இல் வந்த ஐபாட் கிளாசிக்கின் முன்பக்கம் உலோகம். திறக்கும்போது வளையும், வளைந்தால் நிமிர்த்த முடியாது. 80, 120 ஜிபி கிளாசிக்குகளில் ஆப்பிளின் மென்பொருள் 128 ஜிபிக்கு மேல் உள்ள கார்டை முழுதாகப் பயன்படுத்தாது. முதல்முறை கை வைப்பவருக்குக் கிளாசிக் வேண்டாம்.

வாங்கும் முன் டிஸ்க்கைச் சோதிக்கலாம். மெனுவையும் நடுப் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ரீஸ்டார்ட் ஆகும். ஆப்பிள் சின்னம் தெரிந்ததும் நடுப் பட்டனையும் ரீவைண்டையும் பிடித்துக்கொண்டால் சோதனை மெனு வரும். அதில் ஐஓ, ஹார்ட் டிரைவ், ஸ்மார்ட் டேட்டா என்று உள்ளே போங்கள். 'ரீஅலாக்ஸ்' (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்), 'பெண்டிங் செக்டார்ஸ்' (பழுதென்று சந்தேகப்படும் பகுதிகள்) இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. ஏறியிருந்தால் டிஸ்க் தேய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், விலையைக் குறைக்க இது உதவும்.

தேவையானவை: ஐஃபிளாஷ் அடாப்டர் (டிஸ்க்கின் இடத்தில் எஸ்டி கார்டை இணைக்கும் சின்ன போர்டு), முழு அளவு எஸ்டி கார்டு ஒன்று, புது பேட்டரி, பிளாஸ்டிக் நெம்பி. இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் முதுகு விளிம்பு நெளிந்துவிடும், பிறகு மூடினாலும் இடுக்கு தெரியும். மைக்ரோஎஸ்டி கார்டை எஸ்டி அளவு உறையில் போட்டும் செய்யலாம், ஆனால் தொடுமுனைகள் இரட்டிப்பாகின்றன. அசைந்தால் தொடர்பு விடும். கார்டைப் பொருத்தும் முன்பே கணினியில் எஃப்3 போன்ற நிரலால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். போலிக் கார்டு 256 ஜிபி என்று காட்டிக்கொண்டே, உண்மையான இடம் நிறைந்ததும் பாட்டுகளைக் குப்பையாக்கும்.

திறப்பதற்கு முன் ஹோல்டு ஸ்விட்சைப் பூட்டிவிடுங்கள். முன்பக்கப் பிளாஸ்டிக்குக்கும் முதுகுத் தகட்டுக்கும் நடுவே நெம்பியை நுழைத்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே சுற்றி வாருங்கள். கிளிப்புகள் விட்டதும் இரு பாதியையும் படாரென்று பிரிக்கக் கூடாது. பேட்டரி முதுகில் ஒட்டியிருக்கும். அதன் ரிப்பனும் (தட்டையான கேபிள்) ஹெட்போன் ஜாக்கின் ரிப்பனும் போர்டோடு இணைந்திருக்கும். பேட்டரி ரிப்பனைப் பிடித்திருக்கும் பழுப்புத் தாழ்ப்பாளை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் தூக்கி, ரிப்பனை வெளியே எடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் தாழ்ப்பாள் போர்டிலிருந்தே பிய்ந்து வந்துவிடும். இந்த வேலையில் அதிகம் கெடுவது இந்த இடம்தான். இங்கே நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும்.

டிஸ்க்கின் ரிப்பனிலும் தாழ்ப்பாள் உண்டு. அதைப் புரட்டி டிஸ்க்கை எடுத்து, அடாப்டரை மாட்டி, ரிப்பன் நேராக முழுதாக உட்கார்ந்ததா என்று பார்த்தபின் தாழ்ப்பாளை மூடுங்கள். டிஸ்க் இருந்த இடம் வெற்றாகும். அங்கே ஃபோம் துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் அடாப்டர் ஆடிக்கொண்டே இருக்கும். 30 ஜிபி மாடலின் தடிமன் 11 மில்லிமீட்டர், 60, 80 ஜிபி மாடல்கள் 14. தடித்ததில் 2,000 எம்ஏஎச்சுக்கு மேலான பேட்டரியும் அடங்கும். ஆனால் ஜாக் ரிப்பன் இரண்டுக்கும் வேறு வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

முழுதாக மூடாமல் கணினியில் செருகி ரீஸ்டோர் செய்யுங்கள், அதாவது ஐபாடின் மென்பொருளைப் புதிதாக ஏற்றுங்கள். 1437, 1439 போன்ற பிழை எண் வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கார்டின் தொடர்பு, சரியாக உட்காராத ரிப்பன், அல்லது மோசமான கேபிள்தான் காரணம். விண்டோஸில் ரீஸ்டோர் செய்தால் கார்டின் கோப்பு முறை ஃபேட்32 ஆகும், மேக்கில் செய்தால் எச்எஃப்எஸ் பிளஸ். ஆப்பிளின் மென்பொருளுக்குப் பதிலாக ஓடும் ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட நினைத்தால் ஃபேட்32 கட்டாயம்.

ராக்பாக்ஸ் ஏன்? ஆப்பிளின் மென்பொருள், ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்பைப் பாடாது, ராக்பாக்ஸ் பாடும். பாட்டுகளைச் சாதாரணக் கோப்புறைகளாக இழுத்துப் போட்டாலே போதும். பேட்டரியின் வோல்டேஜையும் காட்டும். ஹோல்டைப் பூட்டியபடி துவக்கினால் பழைய ஆப்பிள் திரை திரும்ப வரும், எதுவும் இழப்பில்லை. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 256 கேபிபிஎஸ் ஏஏசியில் ஏறத்தாழ 9.6 எம்பி. ஆக 128 ஜிபி கார்டில் பதின்மூவாயிரம் பாட்டு அடங்கும். 30 ஜிபி மாடலில் நினைவகம் 32 எம்பிதான், 60, 80 ஜிபியில் 64. ஆப்பிளின் மென்பொருளில் மிகப் பெரிய தொகுப்பு வைக்க நினைப்பவர்கள் பெரிய மாடலையே தேடுங்கள்.

தமிழ்ப் பாட்டு சேர்ப்பவர்களுக்கு ஒன்று. ராக்பாக்ஸில் தமிழ் எழுத்துகளைக் கோர்த்துக் காட்டும் வசதி கிடையாது. யூனிஃபான்ட் எழுத்துரு போட்டாலும் 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பாட்டுப் பெயர், பாடகர் விவரங்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வதே படிக்க வசதி.

கிளிக் வீல் அழுத்தக் கடினமானாலோ, திரையில் அழுத்தின கறை தெரிந்தாலோ பேட்டரி ஊதியிருக்கக்கூடும். சார்ஜ் செய்வதை உடனே நிறுத்துங்கள். முதுகிலிருந்து அதைப் பிரிக்கும்போது கூர்மையான எதையும் உள்ளே செருகாதீர்கள், ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கலாம். வெயிலில் நிற்கும் காரில் ஐபாடை விட்டுச் செல்வதும் ஊதுவதற்கு ஒரு காரணம். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள்.