தோற்கிற மெட்சில் கடைசிவரை இருப்பது: கல்லடி நாட்குறிப்பு

05.12.2024, வியாழன்

வெள்ளம் வடிந்து, வீடு வாசல் காய்ந்து, நேற்று இரவுதான் எங்கள் நாலு பேர் டீம் மறுபடி ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 விளையாட உட்கார்ந்தது. ஆளுக்கொரு ஊர் கட்டி, படை எடுத்துப் போரிடும் கணினி கேம் அது. வழக்கமான நாலாவது ஆள் உயர்தரம் எழுதுகிறான். வெள்ளத்தால் இடையில் நிறுத்திய பரீட்சை நேற்றுத்தான் திரும்பத் தொடங்கியது, இந்த மாதம் முடியும்வரை அவனை எதிர்பார்க்க முடியாது. அதனால் ஆரையம்பதியில் இருந்து ஒரு பெடியனைச் சேர்த்தோம். கெட்டிக்காரன், நல்ல கைவேகம். ஆனால் எதிரியின் குதிரைகள் அவன் ஊருக்குள் புகுந்து வில்லேஜர்களை (மரம், தங்கம் சேர்க்கும் வேலையாட்களை) வெட்டத் தொடங்கியதும் ஒரு சொல் சொல்லாமல் வெளியேறிவிட்டான். மீதி மூன்று பேரும் நாலு பேரோடு நெடுநேரம் மல்லுக்கட்டித் தோற்றோம்.

தோற்றது எனக்குப் பெரிதில்லை, அவன் போன விதம்தான் மனதில் நிற்கிறது. காத்தான்குடி நண்பர் மைக்கில் சொன்னார்: "அவன்ட ஊரு போனா போகட்டும் மச்சான், ஆளு நிண்டிருந்தா எனக்குத் தங்கமாவது அனுப்பியிருக்கலாமே."

அது உண்மை. இந்த கேமில் படை முழுவதும் அழிந்தவனுக்கும் வேலை இருக்கிறது. நாலைந்து வில்லேஜர் தப்பினால் வரைபடத்தின் ஒரு மூலைக்குப் போய் மரம் வெட்டலாம், சந்தை ஒன்று கட்டலாம், சேர்வதைக் கூட்டாளிக்கு அனுப்பலாம். அனுப்பும்போது ஒரு பங்கு கழிந்துபோகும், முதலில் நூற்றுக்கு முப்பது, ஆராய்ச்சி செய்யச் செய்யக் குறைந்து கடைசியில் இல்லாமலே போகும். அதைவிடப் பெரிய விஷயம், சுரங்கத்தில் தங்கம் தீர்ந்த பிறகு கூட்டாளியின் சந்தைக்கு வண்டி ஓட்டுவதுதான் தொடர்ந்து தங்கம் சேர்க்கப் பெரிய வழி. சந்தையோடு நிற்கிற ஒருவன் போரே செய்யாமல் மற்ற மூவரின் படைக்கும் சோறு போடுகிறான். அவன் எழும்பிப் போனால் அந்தப் பாதையும் போகிறது.

07.12.2024, சனி

பெடியன் தானாகவே போன் எடுத்தான். கோபமாக இல்லை, குழம்பிப்போய் இருந்தான். "அண்ணன், என்ட டவுன் சென்டர் போயிட்டு, மறுகா நான் இருந்து என்ன செய்யிற? ரேட்டிங்கும் இறங்குது" என்றான். டவுன் சென்டர்தான் வில்லேஜர் உருவாகும் ஊரின் நடுக்கட்டடம்.

சந்தைக் கதையைச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டான். ரேட்டிங் கதைக்குத்தான் நேரம் எடுத்தது. ஆர்பட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்காக ஒழுங்குபடுத்திய கணக்கு அது, உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது, இன்று ஒன்லைன் கேம்கள் பலவற்றின் ரேட்டிங்குக்கும் அதுதான் அடி. புதிதாக வருகிறவருக்கு இங்கே 1000 புள்ளி. வென்றால் கூடும், தோற்றால் குறையும், உங்கள் அளவுக்கு நெருங்கின ஆளைத்தான் எதிரில் கொண்டுவந்து நிறுத்தும். ஆகவே அந்தக் கணக்கு சரியாக வேலை செய்தால் ஒருவர் ஏறக்குறையப் பாதி மெட்ச் தோற்கத்தான் வேண்டும்! திறமை கூடினாலும் அப்படித்தான், எதிரில் வருகிறவரும் கூடின ஆளாக இருப்பார். பாதித் தோல்வியைத் தாங்க முடியாதவருக்கு இந்த விளையாட்டின் பாதி நேரம் வேதனையாகவே கழியும்.

மெட்ச் முடிவில் சாட்டில் "நல்ல ஆட்டம்" (good game) என்பதைச் சுருக்கிப் போடும் ஜீஜீ பற்றியும் கதைத்தோம். தோற்பவர்தான் முதலில் போட வேண்டும் என்பது பழைய ஆட்கள் காக்கிற முறை. வெல்கிறவர் முந்திக்கொண்டு போட்டால் "இனி முடிந்தது, போ" என்று தள்ளுவது போலாகிவிடும். மெட்ச் எப்போது முடிந்தது என்று சொல்கிற உரிமை தோற்பவருக்குத்தான், அது எனக்கு மிகவும் பிடித்த மரியாதை. சொல்லாமல் ஓடுகிறவர் கையில் இருந்த அந்த ஒரு உரிமையையும் போட்டுவிட்டுப் போகிறார்.

நம்ம மட்டக்களப்புப் பக்கம் கண்ணகை அம்மனுக்காக ஆடும் கொம்புமுறியில் வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கயிறு இழுப்பதும், ஒரு கட்சி மற்றக் கட்சியை வசைபாடிப் பாட்டுக் கட்டுவதும் உண்டு. ஆனால் அந்த வசைக்கு ஒரு களம் இருந்தது, நேரம் இருந்தது, கண்ணகை அம்மனின் பெயரால் ஓர் எல்லை இருந்தது. மெட்ச் முடிந்த பிறகும் சாட்டில் வந்து ஒருவரின் தாயை இழுத்துப் பேசுகிற பழக்கத்துக்கு எந்த எல்லையும் இல்லை. அப்படிப் பேசுகிறவர்களோடு நாங்கள் இரண்டாம் தரம் விளையாடுவதில்லை.

09.12.2024, திங்கள்

பின்னேரம் முழுக்க மழை. சிங்கப்பூரில் நடக்கும் உலகச் சதுரங்கச் சம்பியன் போட்டியில் இந்தியாவின் குகேஷ் 12ஆவது ஆட்டத்தில் நடப்புச் சம்பியன் டிங் லிரெனிடம் தோற்றுவிட்டார், 6-6. நேற்று வென்று முன்னுக்கு வந்தவர் இன்று நன்றாக அடிவாங்கி மறுபடி சமன். அக்காவின் மகன் என்னோடு இருந்து பார்த்தான். "மாமா, இனி அவருக்குக் கை நடுங்கும்" என்றான். முதல் ஆட்டத்தையே தோற்றுத்தான் இவ்வளவு தூரம் வந்தவர் என்று சொன்னேன்.

மருமகனுக்கும் இப்போது அதே பாடம்தான் நடக்கிறது. எங்கள் கேமில் ஒவ்வொருவரும் ஒரு நாகரிகத்தைத் தெரிவுசெய்து விளையாட வேண்டும். 2022இல் திராவிடர் வந்ததில் இருந்து வேறு நாகரிகத்தை எடுக்கமாட்டேன் என்று நிற்கிறான், தமிழ் என்பதால். கடல் வரைபடத்தில் சரி, ஆனால் திறந்த நிலத்தில் திராவிடருக்கு நைட் என்ற கவசக் குதிரைவீரன் இல்லை, எதிரியின் நைட் பத்து சேர்ந்து வந்தால் அழுகை வருகிறது. மாற்றச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. பிடித்ததை வைத்துத் தோற்பவன் அதை வைத்தே வழி தேடுவான். 35 உணவும் 25 மரமும் கொடுத்தால் ஒரு ஈட்டிக்காரன், அவனைப் பலப்படுத்தும் பாசறை ஆராய்ச்சி திராவிடருக்குப் பாதி விலை, ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் சும்மா கிடைக்கும். குதிரையை மடக்குவது ஈட்டிதான், நைட்டுக்கு மருந்து கையிலேயே இருக்கிறது. இரவு அப்படி விளையாடியும் தோற்றான், ஆனால் இந்தத் தடவை ஜீஜீ போட்டுவிட்டு எழும்பினான்.

12.12.2024, வியாழன்

குகேஷ் உலகச் சம்பியன்! 18 வயது. கடைசி ஆட்டம், சமநிலையில் முடியும் என்று எல்லாரும் சொன்ன நிலை, குகேஷுக்கு ஒரே ஒரு சிப்பாய் மட்டும் கூட. கைகொடுத்துவிட்டு நாளைய வேக ஆட்டங்களுக்குப் போகலாம் என்றிருந்த இடத்தில் அவர் விடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் கோட்டைக் காயை எஃப்2 கட்டத்தில் பிழையாக வைத்தார், அதோடு போயிற்று. 7.5-6.5.

எல்லாரும் குகேஷின் கண்ணீரைப் பகிர்கிறார்கள், நல்லது. எனக்கு டிங்கைப் பற்றி எழுத வேண்டும். பட்டம் கையைவிட்டுப் போனது தெரிந்த பிறகும் மேசையை விட்டு ஓடவில்லை, இன்னும் சில நகர்த்தல் விளையாடி, கைகொடுத்து, கையெழுத்துப் போட்டு, பிறகு பத்திரிகையாளர் முன்னால் வந்து இருந்து, தனக்கு வருத்தம் இல்லை என்றார். உலகமே பார்க்க ஒரு பிழை விட்ட மனிதர், ஒரு மணித்தியாலம் போகமுன் அமைதியாகக் கேள்விக்குப் பதில் சொல்கிறார். குகேஷ் காய்களை ஒழுங்காகத் திரும்ப அடுக்கி வைத்ததும் அதே பண்புதான். மருமகனுக்கு இரண்டையும் காட்டினேன்.

15.12.2024, ஞாயிறு

காலையில் மருமகனின் தோற்ற மெட்சை ரீப்ளே போட்டுப் பார்த்தோம். சண்டையில் தோற்றதாகத்தான் அவன் நினைத்திருந்தான். ஆனால் ஒரு வில்லேஜர் உருவாக 25 விநாடி, இவனுடைய டவுன் சென்டர் நடுவில் மூன்று நிமிடம் போலச் சும்மா இருந்திருக்கிறது, அப்போதே ஏழு வில்லேஜர் குறைவு. அந்தப் பக்கத்தில் ஏழு பேர் கூடுதலாக மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நைட் வந்தது அதற்குப் பிறகு. எதிரியைத் திட்டியிருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது, எழும்பி ஓடியிருந்தால் பார்க்கவே மனம் வந்திராது.

இரவு ஆரையம்பதிப் பெடியன் மறுபடி வந்தான். மறுபடி அவன் ஊர்தான் முதலில் எரிந்தது, எதிரிகளும் லேசான ஆட்கள் இல்லை. மைக்கில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "அண்ணன், நான் மேல் மூலையில சந்தை போடுறன், ஆருக்குத் தங்கம் வேணும்?" என்றான். காத்தான்குடி நண்பர் "எனக்கு, எனக்கு" என்று கத்தினார். அந்தத் தங்கத்தில் கடைசியாக ஒரு யானைப்படை எடுத்து எதிரியின் ஒரு ஊரையே இடித்தோம், ஆனாலும் தோற்றோம். முதலில் ஜீஜீ போட்டது அந்தப் பெடியன்தான். எதிர்ப் பக்கத்தில் இருந்து ஒருவர் அவனுக்குத் தனியாக நட்புக் கோரிக்கை அனுப்பியிருக்கிறார். புதன் இரவு அவர்களோடுதான் அடுத்த மெட்ச், பெடியன் இப்போதே நாகரிகத்தைத் தெரிவுசெய்துவிட்டான், மருமகன் பேச்சைக் கேட்டு அவனும் திராவிடர்தானாம்.