டேப் டிரைவ் மக்கர் பண்ணுச்சு, டம்ப் எடுத்த கதை

எங்க டேப் லைப்ரரில (பேக்கப் டேப்பை தானா எடுத்து டிரைவ்ல போடற பெட்டி) நாலு எல்டிஓ-8 டிரைவ், எல்டிஓங்கறது டேப்புல ஒரு வகை, 8 அதோட தலைமுறை. அதுல ரெண்டாவதும் நாலாவதும் கொஞ்ச நாளா படுத்தி எடுத்துட்டு இருந்துச்சு. ராத்திரி பேக்கப் ஜாப் நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு நிக்கும், காலைல வந்து பாத்தா ஒண்ணுல ரைட் எரர், இன்னொண்ணுல ரீட் எரர், வேற ஒரு விவரமும் இருக்காது. டிரைவ் கம்பெனி சப்போர்ட்ல கேஸ் போட்டோம். சப்போர்ட்ல இருந்து வந்த முதல் பதில், "டிரைவ் டம்ப், லைப்ரரி லாக், ஹோஸ்ட் லாக் மூணும் அனுப்புங்க சார், டிரைவை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பாத்துடுங்க". (ஹோஸ்ட்னா டிரைவ் மாட்டியிருக்குற சர்வர்.) ரெண்டையும் ஒரே மெயில்ல சொன்னதுதான் காமெடி, ஏன்னா ரெண்டாவதை முதல்ல செஞ்சீங்கன்னா மொதல்ல கேட்டதுல பாதி போயிடும்.

டிரைவ் உள்ள ஏதாவது சிக்கல் வந்தா அதோட ஃபர்ம்வேர், அதாவது டிரைவுக்குள்ளயே ஓடற சாஃப்ட்வேர், அந்த நேரத்து நிலைமையை அப்படியே மெமரில எடுத்து வெச்சுக்கும், அதுதான் டம்ப். இதுல சிலது ஃப்ளாஷ்ல போய் உக்காரும், அது பவர் போனாலும் தப்பிச்சுடும், ஆனா சிலது ராம்ல மட்டும்தான் இருக்கும், கரண்டைப் புடுங்கினா காலி. ஃபர்ம்வேர் அப்டேட்டும் அப்படித்தான், முடிஞ்சதும் டிரைவ் ரீசெட் ஆகும். கிளீனிங் டேப் போட்டாலும் ஹெட் அழுக்கா இருந்துச்சா இல்லையாங்கற தடயமே போயிடும். டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி மாத்திரை போட்டு காய்ச்சலைக் குறைச்சுட்டுப் போற கதைதான். அதனால டீம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், லாக் கைக்கு வர்ற வரைக்கும் அந்த ரெண்டு டிரைவையும் யாரும் தொடக் கூடாதுன்னு.

முதல்ல டேப்அலர்ட் பாக்கலாம்னு போனேன். டிரைவ் தன்னோட கஷ்டத்தைச் சொல்றதுக்கு 64 ஃப்ளாக் வெச்சிருக்கும், 3 ஹார்ட் எரர், 4 மீடியா, 20 உடனே கிளீன் பண்ணு, 30ம் 31ம் ஹார்ட்வேர், இப்படி. அந்த ஃப்ளாக் இருக்குற லாக் பேஜை லினக்ஸ்ல எஸ்ஜி லாக்ஸ் கமாண்ட் போட்டுப் பாத்தா எல்லாமே ஜீரோ. நல்லா இருக்குற டிரைவ் மாதிரி அவ்ளோ சுத்தம். விஷயம் என்னன்னா நிறைய டிரைவ்ல இந்த பேஜை யாராவது ஒரு தடவை படிச்சாலே ஃப்ளாக் அழிஞ்சுடும், பேக்கப் சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஜாப் முடிஞ்சதும் தானாவே போய் படிச்சுட்டு வந்துடுது. நமக்கு மிச்சம் வெக்கறதே இல்ல. அதனால டிரைவ்ல தேடுறதை விட்டுட்டு பேக்கப் சாஃப்ட்வேரோட லாக்லயும் லைப்ரரியோட ஈவென்ட் லாக்லயும் தேடினேன், அங்க தேதியோட உக்காந்துட்டு இருந்துச்சு, ரெண்டாவது டிரைவுக்கு 3ம் 6ம், நாலாவதுக்கு 3ம் 5ம். 6ன்னா ரைட் ஃபெயிலியர், 5ன்னா ரீட் ஃபெயிலியர். இது ரெண்டும் வேற வேற கதையா இருக்கும்போலன்னு அப்பவே ஒரு சந்தேகம்.

அடுத்து டம்ப். ஐபிஎம் டிரைவுன்னா ஐடிடிடி, ஹெச்பிஈ டிரைவுன்னா லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸ், அந்தந்த கம்பெனியோட டூல்தான் இதுக்கு சரி. டூலை ஓட்டினதும் ரிசர்வேஷன் கான்ஃப்ளிக்ட்னு மூஞ்சில அடிச்ச மாதிரி ஒரு பதில். பேக்கப் சாஃப்ட்வேர் டிரைவை தன் பேர்ல புடிச்சு வெச்சிருந்தா வேற யாரையும் உள்ள விடாது. அந்த சாஃப்ட்வேர்ல போய் டிரைவை டவுன் பண்ணிட்டு, அதாவது அது பயன்படுத்தாதபடி விடுவிச்சுட்டு, உள்ள டேப் ஏதும் இருந்தா லைப்ரரி ஸ்லாட்டுக்கு அனுப்பிட்டு திரும்ப ஓட்டினேன், இறங்கிடுச்சு. சில டூல்ல புதுசா ஒரு டம்ப் ஃபோர்ஸ் பண்ற ஆப்ஷன் இருக்கும், அது ஆசையா கூப்பிடும், ஆனா உள்ள ஏற்கனவே இருக்குறதை வெளில எடுத்துட்டு அப்புறமா அதுகிட்ட போங்க, இல்லன்னா பழசு மேலயே புதுசு உக்காந்துட சான்ஸ் இருக்கு.

இன்னொண்ணு, லினக்ஸ்ல டேப் டிரைவுக்கு எஸ்டி0, எஸ்டி1ன்னு வர்ற பேரை நம்பி இறங்காதீங்க, சர்வர் ரீபூட் ஆனா வரிசை மாறிடும். லைப்ரரி ஸ்க்ரீன்ல டிரைவ் 2ன்னு இருக்குறது ஹோஸ்ட்ல எஸ்டி3யா இருந்துச்சு. சீரியல் நம்பரை லைப்ரரில ஒரு தடவை, ஹோஸ்ட்ல ஒரு தடவை பாத்து ஒத்துப் போகுதான்னு செக் பண்ணி, ஃபைல் பேர்லயே அந்த சீரியலைப் போட்டு சேவ் பண்ணேன்.

ஹோஸ்ட் லாக்ல கெர்னல் மெசேஜ் முக்கியம். ரெண்டாவது டிரைவுக்கு சென்ஸ் கீ (என்ன வகை எரர்னு டிரைவ் சொல்ற கோடு) மீடியம் எரர், கூடவே 0சி 00ங்கற கோடு, அதாவது ரைட் எரர்னு வரிசையா இருந்துச்சு. மீடியம் எரர்னு பாத்ததும் டேப்தான் கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்ணிடத் தோணும், ஆனா ஹெட் வீக்கா இருந்தாலும் டிரைவ் இதையேதான் சொல்லும், அதுக்கு யார் மேல தப்புன்னு தெரியாது. இந்த லாக் ரொட்டேட் ஆகி பழசு அழியறதுக்குள்ள காப்பி எடுத்துக்கணும். நேரம் வேற ஒரு தலைவலி. லைப்ரரி யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல ஓடுது, ஹோஸ்ட் லோக்கல் டைம்ல, டிரைவோட உள் லாக் பவர் ஆன் ஆகி எத்தனை மணி நேரம்ங்கற கணக்குல. மூணையும் ஒரே நேரத்துல பாத்து வித்தியாசம் எவ்ளோன்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி கூடவே வெச்சு அனுப்பினேன், சப்போர்ட் ஆள் அதைப் பாத்துட்டு தேங்க்ஸ் சொன்னாரு, அது அபூர்வம்.

டம்ப் பைனரி ஃபைல், நமக்கு ஒண்ணும் புரியாது, கம்பெனிக்காரங்கதான் பிரிச்சுப் பாக்கணும். ஆனா அவங்க பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்கணும்னு இல்ல. எல்டிஓ கார்ட்ரிட்ஜ் ஒவ்வொண்ணுலயும் சின்னதா ஒரு சிப் இருக்கு, கடைசியா லோட் ஆன நாலு டிரைவோட சீரியல் நம்பரை அது ஞாபகம் வெச்சிருக்கும். எஸ்ஜி ரீட் ஆட்டர் கமாண்ட்ல படிக்கலாம். ஃபெயில் ஆன டேப் ஒவ்வொண்ணையும் நல்ல டிரைவ்ல லோட் மட்டும் பண்ணி, டேட்டா எதையும் படிக்காம எழுதாம, அந்த சீரியலை எழுதி வெச்சேன். (டேப் சுருங்கியோ ஓரம் மடங்கியோ இருக்கும்னு சந்தேகம் வந்தா இதையும் செய்யாதீங்க, கெட்ட டேப் நல்ல டிரைவோட ஹெட்டையும் கெடுக்கும்.) எல்லாத்தையும் ஒரு ஷீட்ல போட்டா படம் தெளிவாச்சு. ரெண்டாவது டிரைவ் எந்த டேப் போட்டாலும் தகராறு, கவர் பிரிச்ச புது டேப்புக்கும் அதே. நாலாவது டிரைவ் சில டேப்ல மட்டும்தான் மாட்டுது, அந்த டேப் எல்லாமே அதுக்கு முன்னாடி ரெண்டாவது டிரைவுக்குள்ள போயிட்டு வந்தது. நாலாவது பாவம், அடுத்தவன் கிறுக்கினதை படிக்க முடியாம திணறிட்டு இருந்திருக்கு.

இதுக்கு இன்னொரு சாட்சியும் கிடைச்சுது. எல்டிஓ எழுதும்போதே பின்னாடி வர்ற ரீட் ஹெட்டால சரிபாத்துட்டே போகும், சரியில்லன்னா அதே டேட்டாவை கொஞ்சம் தள்ளி மறுபடி எழுதும். இந்த மறுபடி எழுதின கணக்கு ரைட் எரர் கவுன்டர் பேஜ்ல வரும். மத்த டிரைவோட ஒப்பிட்டா ரெண்டாவதுல அது எங்கயோ உச்சத்துல இருந்துச்சு. மறுபடி எழுதினா டேப் இடம் வீணாகும் இல்லையா, நாங்க அனுப்பற டேட்டா ஏற்கனவே கம்ப்ரெஸ் ஆனது, அதனால ஒரு எல்டிஓ-8 டேப்ல 12 டிபி பக்கம் போகணும், இந்த டிரைவ் எழுதினது மட்டும் அதுக்கு ரொம்ப முன்னாடியே ஃபுல்னு வந்திருக்கு. யாரும் கவனிக்கல, ஏன்னா நிக்காம முடிஞ்ச ஜாப்புக்கெல்லாம் பேக்கப் சக்சஸ்னுதான் ரிப்போர்ட் வந்துட்டு இருந்துச்சு.

செக்யூரிட்டி டீம்ல ஃபைலை வெளில அனுப்பலாமான்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி. டேப்ல இருக்குற டேட்டா டம்ப்ல வராதுன்னு கம்பெனிகிட்ட எழுத்துல வாங்கினோம், ஹோஸ்ட் லாக்ல சர்வர் பேர், ஐபி எல்லாத்தையும் மாத்திட்டு அனுப்பினோம்.

அப்புறம் ரைட் டெஸ்ட் ஒண்ணு ஓட்டச் சொன்னாங்க. இது டேப்ல இருக்குறதை அழிச்சுட்டு எழுதற டெஸ்ட், டூல் ஒரு தடவை கேக்கும், நாம பழக்கத்துல எஸ் அடிச்சுடுவோம். அதுக்கு முன்னாடியே சந்தேகப்பட்ட டேப் எல்லாத்துலயும் அந்த சின்ன ரைட் ப்ரொடெக்ட் பட்டனை லாக் பக்கம் தள்ளி வெச்சுட்டேன், டெஸ்டுக்கு தனியா ஒரு காலி டேப். பாதில ஃபெயில் ஆச்சு, எதிர்பாத்ததுதான். அப்புறம்தான் அவங்க ஆசைப்பட்ட மாதிரி ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், ஒரு மாற்றமும் இல்ல.

ரெண்டாவது டிரைவை மாத்திக் கொடுத்துட்டாங்க. நாலாவதை ஒரு தடவை கிளீன் பண்ணிட்டு திரும்ப ஓட விட்டாச்சு, புது டேப்ல ஒழுங்கா வேலை செய்யுது. புது டிரைவோட சீரியலை பேக்கப் சாஃப்ட்வேர்ல மாத்தறது அரை மணி வேலை, அதை விடுங்க. பெரிய வேலை பழைய ரெண்டாவது டிரைவ் எழுதின டேப் எல்லாம்தான். ஒவ்வொண்ணா படிச்சு வேற டேப்புக்கு காப்பி பண்ணிட்டு இருக்கோம், பெரும்பாலானது வருது, சிலது பாதில நிக்குது. நிக்கறதுல இருக்குற டேட்டாவுக்கு டிஸ்க்ல இன்னும் காப்பி இருக்கான்னு அப்ளிகேஷன் டீம்கிட்ட லிஸ்ட் கொடுத்திருக்கேன், பதிலுக்கு வெயிட்டிங்.